கடதாசியைச் சுடுகிற துவக்கு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டுக்கடை வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால், குசினி மேசையில் ஒரு படிவம் கிடந்தது. பக்கத்தில் பேனையும் வைத்திருந்தது. பதினாலு வயது மகன் இன்னும் நித்திரை கொள்ளவில்லை. "அப்பா, இதில ஒரு கையெழுத்து வேணும்" என்றான். வகுப்புத் தோழன் ஒருவனின் தாத்தா துவக்குச் சுடும் கழகம் ஒன்றில் இருக்கிறாராம். சிறு துவக்கு, .22. இவனையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பழக்க அவர் தயார். பெற்றோரின் சம்மதம்தான் வேண்டுமாம்.

"உங்கட மோனுக்கு என்ன விசரோ? அதுகளிட்டையிருந்து தப்பித்தானே இஞ்ச வந்து கிடக்கிறம்" என்றாள் மனைவி, அறைக்குள் இருந்தபடியே.

நான் கையெழுத்து வைக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு காலை, வேலைக்குப் போக முதல், அந்தத் தாத்தாவோடு போனேன். ஹென்டர்சனிலிருந்து மலைப்பக்கமாகக் கொஞ்ச நேரம் ஓடினால் நகரம் முடிந்து புல்வெளி வந்துவிடும். ஏழெட்டுப் பேர் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தார்கள். அரைவாசிப் பேர் என்னைவிட வயது கூடியவர்கள். 50 மீற்றரில் கடதாசி. அதற்கு அப்பால் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் சின்ன இரும்புத் தகடுகள். .22இன் சத்தம் பெரிய சத்தம் இல்லை, காய்ந்த தடி முறிகிற மாதிரித்தான். ஆனாலும் முதல் வெடிக்கு என் வயிறு இறுகியது. ஏகே, எல்எம்ஜி, ஐம்பது கலிபர் என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். காது சும்மா இருக்காது.

அந்த மனிதர் ஒரு ரவையை என் உள்ளங்கையில் வைத்தார். சன்னத்தின் நிறை 2.6 கிராம். எங்கள் கடைக் கணக்கில் சொன்னால் அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த ரவைக்குத் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. துவக்கின் ஊசி அந்த விளிம்பை நசுக்க, வெடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் கோது மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய கோது பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால் சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் அளவில்தான் புறப்படும், ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. 50 மீற்றருக்குக் குறி சரிபார்த்த துவக்கால் 200 மீற்றருக்கு அப்படியே சுட்டால், சன்னம் ஒன்றரை மீற்றர் அளவு கீழே விழும். அங்கே போய்ச்சேர அதற்குச் செக்கனில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் வேண்டும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், அந்த நேரத்துக்குள் சன்னத்தை ஒரு அடி தள்ளிவிடும். பெரிய துவக்குக்கு மிகவும் தூரத்தில் வருகிற சிக்கல் இதற்கு இருநூறு மீற்றரிலேயே வந்துவிடுகிறது. சுடுவதை விடப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் இவர்களுக்கு அதிக வேலை.

ஆனால் என் மனதில் நின்றது வேறொன்று. பொறுப்பாக நின்ற ஒரு பெண் "நிற்பாட்டுங்கோ" என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். உடனே எல்லாத் துவக்கும் நின்றது. எல்லோரும் ரவை எடுத்து, துவக்கின் வாயைத் திறந்து காட்டி, எழும்பிப் பின்னால் வந்தார்கள். பிறகுதான் ஒருவர் கடதாசி மாற்ற நடந்துபோனார். ஒரு ஆள் சொல்ல எல்லாத் துவக்கும் நிற்பதை என் வாழ்க்கையில் நான் கண்டது அன்றுதான்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து தேடினேன். பல்கலைக்கழகத்தை நடுவில் விட்டவனுக்கு வாசிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. தேடத்தேட அது எங்கள் ஊர்ப்பக்கமே வந்து நின்றது.

ரவையின் கதை பழையது. 1845இல் பாரிசில் புளோபேர் என்பவர் செய்த சின்ன ரவை, பணக்கார வீடுகளின் விறாந்தைக்குள் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அன்ட் வெஸன் .22 ரவையை விற்றது. இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிற .22 லோங் றைபிள் ரவை 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பனி கொண்டுவந்தது. அதுவரைக்கும் அது விளையாட்டுச் சாமானும் முயல் சுடுகிற சாமானும்தான். அதை ஒரு இயக்கமாக்கியது ஒரு தோல்வி.

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் போயர்களோடு பிரித்தானியா போருக்குப் போனது. போயர்கள் ஒல்லாந்த வழிவந்த கமக்காரர்கள். சிறுவயதிலிருந்தே வேட்டையாடிப் பழகியவர்கள். அந்த டிசம்பரில் ஒரே கிழமைக்குள் மூன்று சண்டைகளில் பிரித்தானியப் படை தோற்றது. கறுப்புக் கிழமை என்று ஆங்கிலேயர் இன்றும் அதற்குப் பெயர் சொல்கிறார்கள். மூன்றாவது சண்டை கொலென்சோவில், டிசம்பர் 15ஆம் திகதி. அங்கே கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கப் போனவர்களில் ஒருவர் லெப்டினன்ட் பிரெடெரிக் றொபர்ட்ஸ். காயப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். அவருடைய தகப்பன் பீல்ட் மார்ஷல் றொபர்ட்ஸ் பிரபு. உயிரோடிருந்த ஒரே மகன். அந்தத் தகப்பனைத்தான் உடனே தளபதியாக்கி அதே போருக்கு அனுப்பினார்கள்.

கமக்காரனுக்குச் சுடத் தெரிந்திருக்கிறது, எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லையே என்ற பயம் பிரித்தானியாவைப் பிடித்தது. பெரிய துவக்குச் சுடப் பெரிய வெளி வேண்டும், ரவைக்குக் காசு வேண்டும். தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. .22க்கு ஒரு மண்டபம் போதும். ரவை மலிவு. 1901இல் தொழிலாளர் றைபிள் கழகங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியது. 1903இல் அது மற்றொரு அமைப்போடு சேர்ந்து சிறு றைபிள் கழகங்களின் சங்கமாக மாறியது. மகனை இழந்த றொபர்ட்ஸ் பிரபு நாடு முழுக்கப் பேசி இதை வளர்த்தார். வேலை முடிந்த ஆட்கள் பின்னேரங்களில் கடதாசியைச் சுட்டுப் பழகினார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சிறு றைபிளும் இருந்தது. 1909இல் டிவார் கிண்ணம் வந்தது. ஒவ்வொரு நாடும் தன் ஊரிலேயே 50 யாரிலும் 100 யாரிலும் சுட்டு, புள்ளிகளைக் கடலுக்கு அப்பால் உள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் போட்டி.

ஐந்து வருடத்தில் அந்தக் கடதாசி மனிதரானது. 1914. றொபர்ட்ஸ் பிரபுவும் அந்த நவம்பரில், பிரான்சில் இந்தியப் படையினரைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார்.

நியூசிலாந்தும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. போயர் போருக்கு இங்கிருந்து பத்துப் பிரிவுகளாக ஏறத்தாழ 6,500 பேர் போனார்கள். 1909ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிப் பையன்களுக்கும் இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மறுத்த பையன்களும் இருந்தார்கள். 1913இல் அவர்களில் சிலரை லிற்றல்டன் துறைமுகத்தில் உள்ள ரிப்பாப்பா தீவில் அடைத்தபோது உண்ணாவிரதம் இருந்தார்கள். துவக்குத் தூக்கமாட்டேன் என்று சொல்லிச் சிறைபோன பிள்ளைகளும் இந்த நாட்டின் சரித்திரத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1860இல் இங்கே மாவோரி மக்களுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். 1878இல் இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. தன் தொழிலாளிக்குக் கழகம் கட்டித் துவக்குப் பழக்கிய அதே பேரரசு, தான் பிடித்த நாட்டுச் சனத்திடம் துவக்கைப் பறித்தது. கடதாசியைச் சுடும் உரிமைகூட எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

சரி, எங்கள் ஊர்ப்பக்கம் என்று சொன்னேனே. இத்தனை பயத்தையும் கிளப்பிய அந்தப் போயர்களைப் பிடித்து எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? எங்கட தியத்தலாவைக்கு. 1900 ஓகஸ்ட் தொடக்கம் கப்பல் கப்பலாக ஏறத்தாழ 5,000 பேர். முள்ளுக்கம்பிக்குள் தகரக் கொட்டகைகள். 1901 ஜனவரியில் ஐந்து பேர் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்தி, ஒரு ரஷ்யக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். 1902இல் போர் முடிந்து மற்றவர்கள் அரசனுக்கு விசுவாசம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக, எங்கல்பிரெக்ட் என்ற ஒருவர் சத்தியம் செய்ய மறுத்தார். ஊருக்குப் போகமுடியவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கி, யால காட்டின் முதல் காவலராகிக் கடைசியில் இலங்கை மண்ணிலேயே செத்தார். நாடு திரும்ப முடியாமல் அந்நிய ஊரில் வேலை செய்து சாகிற ஆளை எனக்கு விளங்கும்.

போயர்கள் போனபின்னும் தியத்தலாவை முகாமாகவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை இராணுவத்தின் பயிற்சி இடமானது. பாடசாலைக் கடேற் பிள்ளைகளின் வருடாந்த முகாமும் அங்கேதான். என் பெரியப்பா அறுபதுகளில் கடேற்றாக இருந்தவர். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பதுளை ரயிலில் ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு போய் இறங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அங்கே அவர் சுட்டது .22. பக்கத்தில் படுத்துச் சுட்டவன் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெடியன். சுட்ட கடதாசியைப் பெரியப்பா ஊருக்குக் கொண்டுவந்து, துவக்கோடு நிற்கிற குழுப்படத்தோடு சேர்த்துப் பெட்டகத்துக்குள் வைத்திருந்தார்.

1984 அளவில் ஊரில் சுற்றிவளைப்புத் தொடங்கியது. அப்பம்மா ஒரு விடியற்காலை இரண்டையும் எடுத்து அடுப்புக்குள் வைத்துவிட்டா. ஓட்டை விழுந்த கடதாசி வீட்டில் இருந்தால் ஆமி கேட்காமலே சுடுவான் என்று அவவுக்குத் தெரியும். பெரியப்பா அதற்காக அவவோடு ஒருநாளும் கோபித்ததில்லை. ஆனால் எத்தனை சன்னம் நடுவில் பட்டது என்ற கணக்கை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கடதாசியைச் சுடுகிற துவக்கு இல்லை. வன்னியில் பன்றிக்கு வைத்திருந்த இடியன் துவக்குக்கூட அடங்கிப்போனது. இரண்டு பக்கத் துவக்குக்கும் குறி நாங்கள்தான். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 2002இல் யுத்தநிறுத்தம் என்றார்கள். நம்பித்தான் நான் வளாகத்துக்குப் போனேன். 2006இல் பாதை பூட்ட என் படிப்பும் முடிந்தது. 2009இல் நிற்பாட்டுங்கோ என்று உலகம் முழுக்கத் தெருவில் நின்று கத்தினோம். ஆரும் நிற்பாட்டவில்லை.

இந்த நாட்டிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அடுத்த மாதமே அரைத்தானியங்கித் துவக்குகளில் பெரும்பாலானவற்றைச் சட்டம் தடைசெய்தது. பத்து ரவைக்கு மேல் கொள்ளாத .22க்கு விலக்கு. அந்த வருட முடிவுக்குள் 50,000க்கு மேற்பட்ட துவக்குகளைச் சனம் திருப்பிக் கொடுத்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துவக்கைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சனம்.

சிறு றைபிளை அமைதிக்காரர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த போருக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தத்தான் அது வளர்ந்தது. ஆனால் நூறு வருடத்தில் அந்தக் கடதாசியே முடிவான குறியாகிவிட்டது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் இயன் பாலிஞ்சர் குப்புறப் படுத்து .22 சுட்டு வெண்கலம் எடுத்தார். 2024 பாரிசில் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் எடுத்த ஸ்வப்னில் குசாலே ரயிலில் ரிக்கற் பார்க்கிற வேலை செய்தவர். இன்று அந்தக் கடதாசியில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். எங்கட ஒரு உளுந்தை விடப் பெரிது.

துவக்கு நல்லதோ கெட்டதோ என்பதல்ல என் கேள்வி. நிற்பாட்டு என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா, சொன்னால் நிற்குமா? எங்கள் ஊரில் இல்லாமல் போனது அதுதான்.

புதன்கிழமை கையெழுத்து வைத்தேன். ஒரு நிபந்தனை: நானும் கூடப் போவேன், பின்னால் கதிரையில் இருப்பேன். மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. முதல் நாள் மகன் பத்து ரவை சுட்டான். நாலு கடதாசியிலேயே படவில்லை. ஒன்று நடுவுக்குக் கிட்ட. கடதாசியைக் கொண்டுவந்து பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டான்.

இரவு மனைவி அதற்கு முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"என்னப்பா, இது வீட்டில இருக்கலாமோ?"

இருக்கலாம் என்று சொன்னேன்.