இறம்பொடை வீதியும் முதல் ஒரு மணிநேரமும்

கம்பளையிலிருந்து புசல்லாவை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் விபத்து புதிய செய்தியல்ல. எழுத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளுள் ஒன்று சாமுவேல் பேக்கருடையது. 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த அவர், தமது வண்டியைக் குடிப்பழக்கமுள்ள ஒரு குதிரைக்காரனிடம் ஒப்படைத்திருந்தார். இறம்பொடைக் கணவாயில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. சிதைந்ததை இழுத்துவரக் கொடுத்த யானையையும் அதே ஆள் மலையேற்றத்தில் விரட்டி ஓட்டியே சாகடித்தான். 1855இல் வெளியான தமது நூலில் பேக்கர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். படிக்கும்போது சிரிப்பும் வரத்தான் செய்கிறது. ஆனால் இந்த வீதியில் மனிதர்கள் விழுந்தபோது யார் இறங்கித் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்ற வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. என் கவலை அதைப் பற்றியது.

2025 மே 11, ஞாயிறு. வெசாக்குக்கு முதல் நாள். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், விடியுமுன்னே இறம்பொடை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் கவிழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைவிட அதிகமானோர் காயமடைந்தனர். கைக்குழந்தையை அணைத்துக் காத்துத் தான் மாண்ட தாயின் செய்தியை நாமெல்லோரும் வாசித்தோம். காயப்பட்டவர்கள் கொத்மலை, நுவரெலியா, கம்பளை, நாவலப்பிட்டி, கண்டி, பேராதனை என்று பல வைத்தியசாலைகளுக்குப் பிரிந்து போனார்கள். இருட்டில் முதலில் சரிவில் இறங்கியவர்கள் வைத்தியர்களல்லர், அக்கம்பக்கத்துச் சனங்களும் வீதியில் வந்தவர்களும்தான்.

எனது வாப்பா புசல்லாவையில் கடை வைத்திருந்த காலத்தில் கொழுந்து லொறிதான் அம்பியூலன்ஸ். “கையப் புடி, கால புடின்னு ரெண்டு பேரு அள்ளிப் போட்டா, பாதி உசுரு ரோட்டுலயே போயிரும்” என்பார். தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவ வசதி பற்றிய சட்டம் 1872இலேயே வந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் எழுந்தன. அவை காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. மலைச்சரிவில் நொறுங்கிய உடலை அங்குவரை கொண்டுசேர்க்கும் வழி, இருந்த வாகனத்தையும் இருந்த கைகளையும் பொறுத்ததாகவே நெடுங்காலம் இருந்தது.

போர்க்களத்தில்தான் இந்தக் கலை முதலில் ஒழுங்கு கண்டது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அடிக்கப்பட்டதையும், அங்கு ருபைதா (ரழி) காயப்பட்டோரைக் கவனித்ததையும் நம் வாசகர்கள் அறிவார்கள். நெப்போலியனின் படை வைத்தியர் லாரே, காயப்பட்டவரை உடனே ஏற்றிச்செல்லும் விரைவு வண்டிகளை அமைத்தார். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முந்துரிமை கொடுத்தார்.

இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை பிறந்ததோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் தடுமாற்றத்திலிருந்து. 1976 பெப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு வைத்தியர், தானே ஓட்டிவந்த சிறு விமானத்துடன் வயலில் விழுந்தார். மனைவி இறந்தார், நான்கு பிள்ளைகளில் மூவருக்குக் கடுங்காயம். கொண்டுபோன சிறு ஆஸ்பத்திரியில் எதை முதலில் பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த வேதனையில் அவரும் தோழர்களும் வகுத்த பயிற்சி 1978இல் தொடங்கியது. 1980இல் அமெரிக்க அறுவை வைத்தியர் கல்லூரி அதைத் தனதாக்கிக்கொண்டது.

அதன் சாரம் எளிது: எது முதலில் கொல்லுமோ அதை முதலில் பார். கழுத்தை அசையவிடாமல் சுவாசப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு மூச்சு, பிறகு இரத்தவோட்டம், பிறகு நினைவுநிலை, கடைசியாக உடுப்பை அகற்றி மறைந்த காயங்களைத் தேடுவது. பீறிடும் இரத்தத்தை எல்லாவற்றுக்கும் முன்னரே அழுத்தி நிறுத்த வேண்டும் என்பதும் இப்போது வலியுறுத்தப்படுகிறது. கதறுகிறவனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவனிடம்தான் முதலில் ஓட வேண்டும். நம்மூர் வழக்கமோ இதற்கு நேர்மாறு. அத்துடன் நம் மலைநாட்டுக்குரிய ஒன்று குளிர். உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் இரத்தம் உறைவதும் மந்தமாகும். விடியற்காலை இறம்பொடையில் ஒரு கம்பளிப் போர்வையும் மருந்துதான்.

எந்தப் பயிற்சியும் உதவாத விபத்தும் உண்டு. 1974 டிசம்பர் 4இல், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயர் விமானம் நோட்டன்பிரிஜ் அருகே ஏழுகன்னி மலையில் மோதி 191 பேரும் வபாத்தானார்கள். ஏறிப்போனவர்களுக்கு அங்கு காப்பாற்ற ஒரு உயிர்கூட மிஞ்சியிருக்கவில்லை.

2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய சேவை, 2018இலிருந்து ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இலவசம்; பயிற்சி பெற்றவர் வண்டியிலேயே வருவார். மலையக வைத்திய வரலாற்றில் இதைப் பெரிய திருப்பம் என்றே சொல்வேன். ஆனாலும் வண்டி வீதிவரைதான் வரும். பள்ளத்திலிருந்து வீதிக்கு வரும் அந்தச் சில நூறு அடி இன்னமும் தோட்டத்து ஆட்களின் தோளில்தான் இருக்கிறது. வளைந்த முதுகெலும்போடு தூக்கினால், காயம் செய்யாத கேட்டைத் தூக்குதல் செய்துவிடும்.

இப்படி இறங்கியவர்களின் பெயர்களைச் சேகரிக்கலாம் என்று இவ்வீதிப் பக்கம் சிலரிடம் பேசினேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு முதியவர் கையை அசைத்தார்: “பேரெல்லாம் எதுக்கு தம்பி? ஆளத் தூக்குறது எப்பிடின்னு ஒருத்தர அனுப்பிச் சொல்லிக் குடுங்க.” பலகையொன்று, கழுத்தைத் தாங்க இரண்டு கைகள், ஒரே சொல்லுக்கு ஒன்றாகத் தூக்க நான்கு பேர். இதைக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். கடைக்காரர், முச்சக்கரவண்டிச் சாரதி, கொழுந்து லொறிக்காரர் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். பள்ளிவாசல் மண்டபமோ தோட்டப் பாடசாலையோ இடத்துக்குப் பஞ்சமில்லை.