நன்றி நாளில் ஓடியவர்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையை நன்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ‘தேங்க்ஸ்கிவிங்’ என்ற பெயரும் அன்றைய விருந்தில் வான்கோழிக்கு உள்ள இடமும் வாசகர்களில் பலர் அறிந்தவையே. ஆனால் அதே நாள் காலையில் அந்நாட்டில் ஊர்தோறும் ஓட்டப்பந்தயங்கள் நடப்பதும், ஆண்டின் வேறெந்த நாளைக் காட்டிலும் அன்றுதான் மிகுதியானவர்கள் பந்தயத்தில் ஓடுவதும் நம்மவர் அவ்வளவாக அறியாத செய்திகள். உண்டு களிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு நாளில் மூச்சிரைக்க ஓடுவானேன்? இக்கேள்வியின் பின்னே சென்றால், கையில் பணமில்லாதவர்கள் பண்டிகை கொண்டாடிய விதம் தெரியவருகிறது. காசு கொடுக்காமல் கண்ட அந்த வேடிக்கைக்கு யாருடைய உடல் விலையாயிற்று என்பதும் தெரியவருகிறது.

‘இலையுதிர்காலம்’ என்பது நாம் ஆக்கிக்கொண்ட சொல். நம் பெரும்பொழுதுகள் ஆறனுள் அது இல்லை. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று வகுத்து, அதைப் பிரிவின் துயருக்கும் பாசறைக்கும் உரியதாக்கினர் நம் முன்னோர். வடஅமெரிக்காவிலோ அதே மாதங்கள் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறையும் காலம். வான்கோழியும் அந்த மண்ணின் பறவைதான். கொலம்பஸ் சென்று திரும்பிய பிறகே பிற கண்டங்களுக்கு அது பரவியது. மூதுரை அதற்கு முந்தியது என்று கொண்டால், மயிலைப் பார்த்து ஆட முயன்ற ஔவையாரின் வான்கோழி வேறொரு பறவையாகத்தான் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் அந்தப் பாடலை நடத்தும்போது இதைச் சொல்லாமல் கடப்பதில்லை.

நன்றி நாளின் தொடக்கமாக 1621ஆம் ஆண்டு பிளிமத்தில் நடந்த விருந்தைச் சொல்வது மரபு. மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய நூற்றிருவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டுபோயினர். எஞ்சியவர்கள் அடுத்த அறுவடை கைக்கு வந்ததும் பறவை வேட்டைக்கு நால்வரை அனுப்பினார்கள். வாம்பனோவாக் தலைவர் மசசாய்ட் ஏறத்தாழத் தொண்ணூறு பேருடன் வந்தார். அவருடைய ஆட்கள் ஐந்து மான்களைக் கொணர்ந்தனர். மூன்று நாள் விருந்து நடந்தது. எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்றே இதற்கு முதன்மைச் சான்று. விருந்தாளியும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்த்த விருந்து அது. அவ்விருந்தை இன்று நினைப்பவர்கள், மசசாயிட்டின் மகன் மெட்டாகொமட் அதே குடியேறிகளின் வழித்தோன்றல்களோடு 1675இல் போரில் இறங்கினார் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

பின்னாளில் நியூ இங்கிலாந்து பகுதிக்குரிய வழக்கமாக இருந்த இதை நாடு முழுமைக்கும் ஆக்க வேண்டுமென்று சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை ஆண்டுக்கணக்காக எழுதிவந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். அறிவிப்பு பக்தி மணம் கமழ்வது. எனினும் ஆலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அதிலிருந்து கிட்டிய பயன் வேறு: வார நாளில் ஒரு விடுமுறை. வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு அது சிறிய பேறு அன்று.

அந்த விடுமுறையை எப்படிக் கழிப்பது என்பதில்தான் பணமுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் வழி பிரிந்தது. 1890களில் நியூயார்க்கில் அன்றைய பெரும் கேளிக்கை, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் கால்பந்தாட்டம். செல்வர்கள் கோச்சு வண்டிகளில் கொடிகட்டிச் சென்று அதைப் பார்த்தார்கள். அதே நகரின் ஏழைத் தெருக்களில் பிள்ளைகள் அம்மாவின் பழைய பாவாடையையோ அப்பாவின் கிழிந்த கோட்டையோ மாட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, வீடுவீடாகச் சென்று காசும் பழமும் கேட்டார்கள். கந்தலையே வேடமாக்கிக்கொண்ட அந்த வழக்கம் 1930கள் வரை நீடித்து, பிறகு மெல்ல மறைந்தது. ஒரு காசும் செலவில்லாத கொண்டாட்டம் அது. வீட்டில் ஏற்கெனவே இருந்த கந்தலைத் தவிர வேறெதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தெருவோட்டமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அரங்கம் வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். வீட்டு வாசலில் நின்றபடியே பார்க்கலாம். ஓடுகிறவனுக்கும் ஒரு சோடிக் காலணி போதும். 1896ஆம் ஆண்டு நன்றி நாளன்று பஃபலோ நகரத்துக் கிறித்தவ இளைஞர் சங்கம் ஐந்து மைல் ஓட்டம் ஒன்றை நடத்தியது. புழுதியும் சேறுமான சாலையில் ஓடப் புறப்பட்டவர்கள் ஆறு பேர். ஓடி முடித்தவர்கள் நால்வர். விலகியவர்களில் ஒருவரை வீழ்த்தியது அன்று தாமதமாக உண்ட காலைச் சிற்றுண்டி. பண்டிகைச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள பகை முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது எனலாம். அந்தப் பந்தயம் ஆண்டுதோறும் தொடர்ந்து, இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்கும் விழாவாகியிருக்கிறது. ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மராத்தான் நடந்ததும் அதே 1896இல்தான்.

மராத்தான் என்ற பெயரைச் சுமந்து வந்த கதையையும் இங்கு நோக்க வேண்டும். போர்க்களத்திலிருந்து ஏதென்சுக்கு ஓடி வந்து, வெற்றியைச் சொல்லி, உயிர்விட்ட தூதனின் கதை அது. ஹெரோடோட்டஸ் சொல்வது உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவனை, அவன் சாகவில்லை. சாகும் தூதன் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்களிடம் தோன்றுகிறான். 1879இல் ராபர்ட் பிரௌனிங் எழுதிய கவிதை அவனை ஐரோப்பாவில் புகழ்பெறச் செய்தது. மிஷேல் பிரெயால் என்ற மொழியியல் அறிஞர் இதைக் கொண்டே ஒலிம்பிக்கில் அப்படியொரு பந்தயம் வேண்டுமென்றார். கோட்டைத் தொட்டதும் சாவதே புகழ் என்று சொல்லும் ஒரு கதையை, உழைத்துப் பிழைக்கும் மனிதர்கள் விடுமுறைதோறும் நடித்துக்காட்டத் தொடங்கினார்கள்.

1907 அக்டோபரில் நியூயார்க்கில் பெரும் நிதி நெருக்கடி மூண்டது. 22ஆம் தேதி நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிறுவனம் பணம் கொடுக்க முடியாமல் கதவை மூடியது. வங்கி வாசல்களில் கூட்டம் நின்றது. நாடெங்கும் ரொக்கத் தட்டுப்பாடு. ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 28, நன்றி நாள். அன்று நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் முதல் யாங்கர்ஸ் மராத்தான் நடந்தது. பாஸ்டனுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் பழமையானது அது. வென்றவர் ஜானி ஹேய்ஸ் என்னும் 21 வயது இளைஞர்; அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த எளிய குடும்பத்தின் மகன்; சுரங்கப்பாதை தோண்டும் வேலை செய்தவர். அங்காடி ஒன்றின் மொட்டைமாடியில் பயிற்சி செய்தார் என்று பத்திரிகைகள் பின்னர் அவரைப் பற்றி ஒரு கதையைப் பரப்பின.

அடுத்த ஆண்டு ஜூலை 24இல், லண்டன் ஒலிம்பிக்கில் நடந்தது பலரும் அறிந்ததே. கார்ப்பி ஊரைச் சேர்ந்த இனிப்புக் கடைப் பணியாளர் டொராண்டோ பியெட்ரி அரங்கத்துக்குள் முதலில் நுழைந்தார். திசை தெரியாமல் தள்ளாடினார். ஐந்து முறை விழுந்தார். நடுவர்கள் தூக்கி நிறுத்திக் கோட்டைக் கடக்கவைத்தார்கள். பிறர் உதவி பெற்றதால் அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஹேய்சுக்குத் தங்கப் பதக்கம். மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியெட்ரிக்கு ஒரு கோப்பையைப் பரிசளித்தார். ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த கோனன் டாயில் அவருக்காக நன்கொடை திரட்டினார். வென்றவனைக் காட்டிலும் விழுந்தவனே அன்று நாயகன். இரக்கத்தால் மட்டும் அப்படி ஆயிற்று என்று நமக்குத் தோன்றவில்லை. சாவின் விளிம்பைப் பார்த்துவிட்ட கிளர்ச்சியும் அதில் கலந்திருந்தது.

வணிகர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். 1908 நவம்பர் 25, நன்றி நாளுக்கு முந்தைய மாலை, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஹேய்சும் பியெட்ரியும் மோதினார்கள். கூரைக்குக் கீழே, புகையிலைப் புகை நிறைந்த காற்றில், 262 சுற்றுகள். இம்முறை பியெட்ரி வென்றார். வாசலில் நின்று இலவசமாகப் பார்த்த வேடிக்கை இப்போது சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சியாயிற்று. பந்தயம் கட்டும் சூதாயிற்று. 1909இல் இளைஞர் இர்விங் பெர்லின் பியெட்ரியைப் பற்றி ஒரு நகைச்சுவைப் பாட்டு எழுதினார். அதில் இத்தாலிய முடிதிருத்துநர் ஒருவர் தம் கடையை விற்று டொராண்டோ மேல் பணம் கட்டித் தோற்கிறார். சிக்கனம் எங்கே தொடங்கி எங்கே போய் முடிந்தது, பாருங்கள்.

இந்த ஓட்டங்களில் ஆபத்து எவ்வளவு என்பதை அக்காலத்தவர் அறியாமல் இல்லை. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி ஒலிம்பிக் மராத்தானே போதிய சான்று. ஆகஸ்ட் மாத வெயில் 32 பாகை செல்சியசைத் தாண்டியது. புழுதிச் சாலையில் உடன்சென்ற மோட்டார் வண்டிகள் மேலும் புழுதி கிளப்பின. தண்ணீர் கிடைக்கும் இடங்களை அமைப்பாளர்கள் வேண்டுமென்றே குறைத்தார்கள். நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க விரும்பினாராம் அதன் தலைவர். புறப்பட்ட 32 பேரில் முடித்தவர் 14 பேர். வில்லியம் கார்சியா புழுதியை விழுங்கி உள்ளே குருதி கசிந்து சாலையோரம் கிடந்தார். வென்ற தாமஸ் ஹிக்சுக்கு அவருடைய உதவியாளர்கள் தண்ணீரை மறுத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள், கூடவே பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் நம் எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சுதான். எட்டி பழுத்தென்ன என்று கேட்கும் மொழியைப் பேசுகிற நமக்கு, அதை ஊக்கமருந்தாக ஊட்டிய செய்தி சற்று நடுக்கத்தையே தருகிறது.

1912இல் ஸ்டாக்ஹோமில் அந்தப் பழங்கதை மெய்யானது. லிஸ்பனில் தச்சுத்தொழில் செய்த பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் 30ஆவது கிலோமீட்டரை நெருங்கி வீழ்ந்து, மறுநாள் இறந்தார். வெயில் சுடாமலிருக்க அவர் உடலில் கொழுப்புப் பூச்சு தடவியிருந்ததாகவும், அதனால் வியர்வை வெளியேற வழியின்றிப் போனதாகவும் சொல்கிறார்கள். நவீன ஒலிம்பிக் போட்டியில் ஓடும்போது வீழ்ந்து மாண்ட முதல் மனிதர் அவர்.

ஓடுபவன் தன் உடலைப் பற்றி அறிந்திருந்தது ஏற்கப்படவில்லை என்பதற்கு டாம் லாங்போட் எடுத்துக்காட்டு. ஒண்டாரியோவின் ஆறு குலத்தார் நிலத்தில் பிறந்த ஒனொண்டாகா இனத்தவர். 1907இல் பாஸ்டன் மராத்தானை வென்றவர். 1908 டிசம்பரில் அதே மேடிசன் அரங்கில் பியெட்ரியை வீழ்த்தியவர். கடுமையாக ஓடிய நாளுக்கு மறுநாள் நீண்ட தொலைவு நடப்பதும் ஓய்வெடுப்பதும் அவருடைய பயிற்சி முறை. மேலாளர்களும் பத்திரிகைகளும் அவரைச் சோம்பேறி என்றார்கள். சோம்பல் அவர் இனத்தின் குணம் என்றும் எழுதினார்கள். இன்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தருவது அவர் செய்ததைத்தான். முதல் உலகப் போரில் ஓடிச் செய்தி சேர்க்கும் வீரராகப் பணியாற்றிய லாங்போட், பின்னர் டொராண்டோவில் தெருத் துப்புரவுப் பணி செய்தார்.

மருத்துவம் மெதுவாகவே பின்தொடர்ந்து வந்தது. 1924இல் பாஸ்டனில் ஓடி முடித்தவர்களின் குருதியைச் சோதித்த மருத்துவர்கள், தளர்ந்து விழுந்தவர்களிடம் சர்க்கரை மிகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு மிட்டாய் கொடுத்து ஓடவைத்தபோது பலன் தெரிந்தது. தண்ணீர் குடிக்காதே என்ற பழைய அறிவுரை போய், முடிந்தவரை குடி என்ற புதிய அறிவுரை வந்தது. அதுவும் ஆட்களைக் கொன்றது. அளவுக்கு மீறிக் குடித்த நீர் குருதியின் சோடியத்தைக் குறைத்துவிடும், மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஒரு பெண் இவ்வாறு இறந்தார். அதே பந்தயத்தை ஓடி முடித்த 488 பேரின் குருதியைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது என்று 2005இல் ஓர் ஆய்வு கூறியது. தாகம் எடுத்தால் குடி என்பதே இன்றைய அறிவுரை. லாங்போட்டுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இடையில் நன்றி நாளின் தேதியும் மாறியது. 1939இல் கடைக்காரர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, கிறிஸ்துமஸ் வணிகத்துக்குக் கூடுதல் நாள்கள் கிடைக்கட்டுமென்று ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். பாதி மாநிலங்கள் மறுத்தன. இரண்டாண்டுக் குழப்பத்துக்குப் பின் 1941இல் நான்காம் வியாழன் என்று சட்டமாயிற்று. சிக்கனத்தின் பண்டிகை கடைவீதியின் பண்டிகையானதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. ஓட்டத்திற்கும் இன்று கட்டணம் உண்டு, பனியனும் உண்டு. பல ஊர்களில் அத்தொகையோ, ஓடுபவர்கள் கொண்டுவரும் உணவுப் பொருளோ ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தில் இறப்பவர்கள் மிகக் குறைவு. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள் என்று 2012இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் ஆண்கள், அவர்களில் பலருக்கு முன்னரே அறியப்படாத இதயத்தசைத் தடிப்பு இருந்தது. பிழைத்தவர்களைப் பிழைக்கவைத்ததில் முதன்மையானது, அருகில் நின்றவர்கள் உடனே மார்பை அழுத்தி அளித்த முதலுதவி. அந்த முறையைப் பால்டிமோர் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டது 1960இல்தான். 1907 நவம்பரில் யாங்கர்ஸ் தெருவில் ஒருவன் இதயம் நின்று விழுந்திருந்தால், சுற்றி நின்றவர்கள் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் பிராந்தி ஊற்றியிருப்பார்கள்.