தாடை நரம்பும் குறைந்து வந்த கதிரும்

கீழ்த்தாடை எலும்பின் உள்ளே மெல்லிய குழாய் ஒன்று செல்கின்றது. கீழ்ப் பற்களுக்கும் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வளிக்கும் நரம்பு அதனூடே ஓடுகின்றது. கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது இந்நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அவ்வுணர்வு மீளாமலே போவதும் உண்டு. ஆகவே நரம்பின் வழியை முன்னரே அறிதல் இன்றியமையாததாயிற்று. அதற்கு உதவிய கதிரின் வரலாறு, கொடுத்த விலையின் வரலாறும் ஆகும்.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே ஓட்டோ வால்காஃப் என்னும் பல் மருத்துவர் தம் வாயில் தகட்டை வைத்து, 25 நிமிடங்கள் கதிரைத் தாங்கிப் பற்களின் படத்தைப் பெற்றார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ், கதிரின் வலிமையைத் தம் கையை நீட்டியே சோதித்து வந்தார். விரல்களையும் கையையும் புயத்தையும் படிப்படியாக இழந்த அவர், 1928இல் வேதனை தாளாது உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் ஸ்டாக்ஹோம் மாநாடு கதிர்ப் பாதுகாப்புக்கென அனைத்துலகக் குழுவொன்றை அமைத்தது.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகோலியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய அவர், 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். படம் எத்துணைத் தெளிவாயினும், அதைப் படித்தறியப் பயின்ற கண் வேண்டுமன்றோ?

சாதாரணப் படம் தட்டையானது. நரம்பு வேரின் மேல் விழுந்தாற்போல் தோன்றும். அது வேருக்குக் கன்னத்தின் பக்கம் உள்ளதா, நாவின் பக்கம் உள்ளதா என்று சொல்லாது. 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான கூம்புக் கதிர்க் கருவி, தலையைச் சுற்றி வந்து எலும்பை முப்பரிமாணத்தில் காட்டிற்று. மருத்துவமனைகளின் சி.டி. படத்தினும் பொதுவாக இதற்குக் கதிர் குறைவு. தேவையான சிறு பகுதியை மட்டும் படமெடுத்து, மின்னோட்டத்தையும் குறைத்தால் அளவு மேலும் தாழும். நரம்புக் குழாயைக் காண மிகக் கூர்மையான படம் எப்போதும் வேண்டியதில்லை.

எனினும் குறைந்த கதிரும் கதிரே. தட்டைப் படத்தில் வேரும் நரம்பும் விலகியிருந்தால் அடுத்த படம் வீண். ஓசூரை அடுத்த தொரப்பள்ளித் தொழிலாளியாயினும் பெருநகரச் செல்வராயினும், “இப்படம் சிகிச்சையை மாற்றுமா?” என மருத்துவரைக் கேட்க நாம் தயங்கலாகாது. கெல்ஸ் இழந்த கை நமக்குத் தந்த உரிமை அது.