பன்னிரண்டு கோடுகள்: பார்க்காமலே வரைஞ்ச ஒரு புரதத்தின் கதை

இன்னைக்கு ஒரு படத்தோட கதை. 1989-ல வரைஞ்சது. வரைஞ்சவங்க யாரும் அந்தப் பொருளைப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியா வரைஞ்சாங்க. எப்படி?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை நோய் இருக்கு. நுரையீரலில் சளி ரொம்பக் கெட்டியாகி, குழந்தையிலிருந்தே மூச்சுவிடக் கஷ்டம். 1989-ல டொராண்டோவிலும் மிச்சிகனிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து இந்த நோய்க்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் உருவாக்கும் புரதம் சி.எஃப்.டி.ஆர். மொத்தம் 1,480 அமினோ அமிலங்கள், அதாவது 1,480 எழுத்துள்ள ஒரு நீளமான வாக்கியம் மாதிரி. நிறைய நோயாளிகளிடம் அதில் 508-வது எழுத்து மட்டும் காணோம்!

கூடவே ஒரு படமும் வெளியிட்டாங்க. செல்லின் சவ்வை இந்தப் புரதம் 12 தடவை குறுக்கே கடக்குது, ஆறு ஆறா ரெண்டு கூட்டம். சரி, அந்த 12 எங்கிருந்து வந்துச்சு?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். செல் சவ்வோட நடுப்பகுதி எண்ணெய் மாதிரி. தண்ணியோட சேராது. அமினோ அமிலங்களிலும் ரெண்டு ஜாதி உண்டு: தண்ணியைத் தேடுறது, தண்ணியைக் கண்டா ஒதுங்குறது. ஒதுங்குற எழுத்துகள் வரிசையா ஒரே இடத்தில் குவிஞ்சிருந்தா, அந்தத் துண்டு சவ்வுக்குள்ள இருக்க வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு நீளத் துண்டு? 1975-ல கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை வச்சு, பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தைப் பார்த்தாங்க. ஏழு கம்பிச் சுருள்கள் சவ்வைக் குறுக்கே கடந்து நிக்குது. இப்படிப்பட்ட சுருளில் ஒரு அமினோ அமிலம் ஏறும் உயரம் 1.5 ஆங்ஸ்ட்ரம். எண்ணெய்ப் பகுதியின் தடிமன் சுமார் 30 ஆங்ஸ்ட்ரம். வகுத்துப் பாருங்க, 20 எழுத்து. அவ்வளவுதான் கணக்கு!

1982-ல கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஜாக் கைட், ரஸ்ஸல் டூலிட்டில் ரெண்டு பேரும் இதைக் கணினி நிரலாக்கினாங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பெண்: ஐசோலூசினுக்கு 4.5, அர்ஜினினுக்கு மைனஸ் 4.5. 19 எழுத்து அகலத்தில் ஒரு ஜன்னலை வரிசை மேல நகர்த்திக்கிட்டே போய் சராசரி எடுக்கணும். வரைபடத்தில் எங்கே பெரிய மேடு வருதோ, அங்கே சவ்வைக் கடக்குது. இந்த எபிசோடுக்காக நானே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். சராசரி எடுக்கத் தெரிஞ்சா போதும்.

இன்னொரு கேள்வி மிச்சம்: எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே? 1986-ல ஸ்வீடனின் குன்னார் வான் ஹெய்னே பாக்டீரியாப் புரதங்களை எண்ணிப் பார்த்து ஒரு விதி சொன்னார். நேர்மின்னேற்றம் உள்ள லைசின், அர்ஜினின் எழுத்துகள் செல்லின் உட்புறத்தில்தான் அதிகம். இந்த ரெண்டையும் சேர்த்து 1992-ல ஒரு கணிப்பு முறையும் கொடுத்தார்.

சி.எஃப்.டி.ஆர் படத்தின் 12 கோடுகளும் இந்த மாதிரி மேடுகளை எண்ணி வந்ததுதான். அந்தப் படத்தில் காணாமப்போன 508-வது எழுத்து சவ்வுக்குள்ள இல்ல, செல்லுக்கு உள்ளே தொங்குற பகுதியில். அடுத்த வருஷமே தெரிஞ்சுது: இந்தக் குறையோட உருவாகும் புரதம் சரியா மடியாம, செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே அழிக்கப்படுது.

இப்போ ஒரு எதிர்க்கதை. 2001-ல சான் டியாகோவில் ஜெஃப்ரி சாங், சி.எஃப்.டி.ஆரோட அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.எஸ்.பி.ஏ என்ற புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டார். இது எண்ணிக்கை கணிப்பு இல்ல, எக்ஸ்ரே ஆய்வு! யாரா இருந்தாலும் நம்புவாங்கல்ல? 2006-ல சுவிட்சர்லாந்தில் ரோஜர் டாசனும் காஸ்பர் லோஹரும் இன்னொரு உறவுப் புரதத்தின் அமைப்பை வெளியிட்டப்போ, ரெண்டும் ஒத்துப்போகல. தேடிப் பார்த்தா, சாங்கின் ஆய்வகத்தில் பயன்படுத்திய ஒரு சொந்த நிரல் ரெண்டு தரவு வரிசைகளை இடம் மாத்திப் போட்டிருந்தது. அதனால வலது இடதாகி, அமைப்பே கண்ணாடிப் பிம்பமா தலைகீழ். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதில் மோசடி எதுவும் இல்ல. ஒரு குறி மாறிப்போச்சு, அவ்வளவே.

எனக்கு இதில் உறைக்கிறது இதுதான். 1989 படம் எளிமையான கணக்கு; எந்த எழுத்தை எங்கே வச்சிருக்காங்கன்னு யார் வேணும்னாலும் சோதிக்கலாம். 2001 படம் பெரிய கருவியிலிருந்து வந்தது. உள்ளே இருந்த நிரலை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியல.

அப்போ அந்த 12 சரியா? 2017-ல நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜூ சென் குழு, கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் மனித சி.எஃப்.டி.ஆரைப் பார்த்தது. பன்னிரண்டேதான்! ஆனா எட்டாவது சுருள் நேரா இல்ல. சவ்வுக்குள்ளேயே உடைஞ்சு வளைஞ்சிருக்கு. 1989 படத்தில் அது ஒரு நேர்கோடு. 2012-ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச ஐவகாஃப்டர் என்ற மருந்து எங்கே போய் ஒட்டுதுன்னு 2019-ல பார்த்தாங்க. அந்த வளைவுக்குப் பக்கத்திலேயேதான்.

மேடுகளை எண்ணினா எத்தனை தடவை கடக்குதுன்னு தெரியும். எங்கே உடைஞ்சிருக்குன்னு தெரியாது. இன்னைக்கு ஆல்ஃபாஃபோல்ட் முழு வடிவத்தையே கணிக்குது. ஆனா அது கொடுக்கும் கோப்பில் சவ்வு இருக்காது. அது எங்கே ஓடுதுன்னு சொல்ல, நாம மறுபடியும் எண்ணெய்க்குப் பிடிச்ச எழுத்துகளைத்தான் தேடுறோம்.

அடுத்த தடவை ஒரு அழகான புரதப் படத்தைப் பார்த்தா, இதை மட்டும் கேளுங்க: எது பார்த்தது, எது எண்ணினது, யார் சரிபார்த்தது? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.