நாகசாகி: ஃபயர்வாலில் திறந்திருந்த ஒரே போர்ட்

நாகசாகின்னா நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எட்டாங்கிளாஸ் வரலாற்றுப் புத்தகத்துல ஹிரோஷிமாவுக்குப் பக்கத்துல ஒரு கமா போட்டு வரும் ஊர். ஆபீஸ் வேலையா ஃபுகுவோகா வந்த இடத்தில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடைக்க, கைடு, டூர் பஸ் எதுவும் இல்லாமல் தனியாகக் கிளம்பிவிட்டேன். ஹகாதா ஸ்டேஷனில் ஏறி, தகேயோ ஒன்சென்னில் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும் ஷிங்கன்சென்னுக்கு மாறினால் மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். ஊருக்குள் சுற்ற டிராம். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்.

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். நம்ம தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அதே சவேரியார் 1549ல் ஜப்பானில் ககோஷிமாவில் வந்து இறங்கினார். பின்னாடியே போர்த்துகீசிய வியாபாரிகளும் பாதிரியார்களும் வந்தார்கள். 1571ல் ஒமுரா சுமிதாதா என்கிற சிற்றரசர் அவர்களுக்காகத் திறந்துவிட்ட துறைமுகம்தான் நாகசாகி. மனுஷன் தானும் மதம் மாறி, 1580ல் ஊரையே ஜேசு சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்! மேலே இருந்த ஹிதேயோஷிக்கு இது பிடிக்கவில்லை. 1597ல் 26 கிறிஸ்தவர்களை நிஷிசாகா மேட்டில் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், அஞ்சு நிமிஷம்தான். சுவரில் 26 பேரும் வரிசையாக நிற்கிறார்கள், அதில் சின்னப் பையன்களும் உண்டு. 1614ல் நாடு முழுக்க கிறிஸ்தவ மதத்துக்குத் தடை.

அடுத்து தெஜிமா. நான் முக்கியமாகப் பார்க்க வந்தது இதைத்தான். 1636ல் கடலுக்குள் மண் கொட்டி, விசிறி வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவு கட்டினார்கள், போர்த்துகீசியர்களை ஊரோடு கலக்க விடாமல் அடைத்து வைக்க. செலவு நாகசாகி வியாபாரிகள் 25 பேருடையது. மூணே வருஷத்தில் போர்த்துகீசியர்களை நாட்டைவிட்டே துரத்திவிட்டதால், காலியான வீட்டுக்கு 1641ல் டச்சுக்காரர்கள் குடி வந்தார்கள். அளவு என்ன தெரியுமா? ஒன்றரை ஹெக்டேர். அதாவது நாலு ஏக்கருக்கும் கம்மி! கரைக்குப் போக ஒரே ஒரு பாலம், அதிலும் காவல். அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. நம்ம பாஷையில் சொன்னா, மொத்த நாட்டுக்கும் ஃபயர்வால் போட்டுவிட்டு ஐரோப்பாவுக்கு ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறந்து வைத்த மாதிரி. இருநூறு வருஷத்துக்கு மேல இப்படியே ஓட்டியிருக்கிறார்கள்.

"ஜப்பான் தன்னை முழுசா மூடிக்கிட்டது"ன்னு படிச்சிருப்போம். அது பாதி உண்மைதான். இதே நாகசாகியில் சீன வியாபாரிகள் இதைவிடப் பெரிய அளவில் வியாபாரம் பண்ணினார்கள். கொரியாவோடு சுஷிமா வழியாகவும், ரியூக்யூ தீவுகளோடு சத்சுமா வழியாகவும், வடக்கே ஐனு மக்களோடு மத்சுமே வழியாகவும் போக்குவரத்து இருந்தது. டச்சுத் தலைவர் வருஷா வருஷம் உலகச் செய்திகளை ரிப்போர்ட்டாக எழுதி ஷோகனுக்குக் கொடுக்க வேண்டும். 1853ல் பெர்ரியின் அமெரிக்கக் கப்பல்கள் வரப் போவதை முந்தைய வருஷமே டச்சுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, அவர்கள் கதவைச் சாத்தவில்லை, யார் எது வழியாக வரலாம்னு தீர்மானம் பண்ணினார்கள்.

இப்ப நம்ம ஊர் மேட்டர். தெஜிமா வழியாக உள்ளே போன சரக்குகளில் ஒன்று சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணி. ஜப்பானில் அதுக்குப் பெயர் 'சாந்தோமே'. ஆமாங்க, நம்ம மயிலாப்பூர் சாந்தோமேதான்! எதோ கும்பினிக் கிடங்கில் கட்டி அனுப்பிய துணி, எதோ நகரத்துப் பணக்காரருக்கு கிமோனோ ஆகியிருக்கிறது. பிறகு அவர்களே அதைப் பார்த்து நெய்யவும் தொடங்கிவிட்டார்கள். பதிலுக்கு ஜப்பான் செம்பு டச்சுக் கப்பலில் ஏறி, நம்ம கரைக்கும் வந்து விற்பனையானது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போ அதே டச்சுக் கும்பினியின் கையில். நெய்தவர் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை, ஊர்ப் பெயர் மட்டும் கடல் தாண்டிப் போய் நின்றுவிட்டது.

இன்றைக்கு தெஜிமாவைச் சுற்றிக் கடலே இல்லை. துறைமுக விரிவாக்கத்தில் சுற்றிலும் மண் நிரப்பிவிட்டார்கள். நடுவே ஆபீஸ் கட்டிடங்கள், டிராம். பழைய வீடுகள், கிடங்குகளில் 16ஐ ஆராய்ந்து அதே இடத்தில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். பாலமும் 2017ல் திரும்பி வந்தது.

மதியம் ஒரு கிண்ணம் சாம்பொன் நூடுல்ஸை உள்ளே தள்ளிவிட்டு ஓவுரா தேவாலயம். 1859ல் துறைமுகம் எல்லாருக்கும் திறந்த பிறகு வெளிநாட்டினருக்காகக் கட்டியது. 1865 மார்ச் 17 அன்று உரகாமி கிராமத்து ஜனங்கள் சிலர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, பெத்திஜான் என்கிற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தாங்களும் கிறிஸ்தவர்கள்தான்னு சொல்லி, மாதா சிலை எங்கேன்னு கேட்டிருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக பாதிரியார் இல்லை, கோயில் இல்லை. வருஷா வருஷம் ஏசு படத்தை மிதித்துக் காட்டணும். கன்னோன் சிலையையே மாதாவாக வைத்து, ஜெபத்தை வாய்வழியாக அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கொடுத்தே காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பெரிசா சாமி நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே சொன்னதற்குப் பரிசு என்ன? உரகாமி கிராமத்தையே பிடித்து, சுமார் 3,400 பேரை நாடு கடத்துவது போல வேறு வேறு பகுதிகளுக்கு அனுப்பினார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. 1873ல் தடை நீங்கி ஊர் திரும்பியவர்கள், எந்த ஊர்த்தலைவர் வீட்டில் படத்தை மிதிக்க வைத்தார்களோ அதே இடத்தை வாங்கி, 1895ல் ஆரம்பித்து 1914ல் ஒரு பெரிய தேவாலயம் கட்டி முடித்தார்கள்.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அன்றைய இலக்கு கோகுரா நகரம். அங்கே சரியாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்தது உரகாமிப் பள்ளத்தாக்கின் மேலே, தேவாலயத்திலிருந்து சுமார் 500 மீட்டரில். உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வருஷக் கடைசிக்குள் ஊரில் செத்தவர்கள் சுமார் 74,000 பேர். நடுவில் மலைகள் மறைத்ததால்தான் ஓவுராவும் பழைய துறைமுகப் பகுதியும் ஓரளவு தப்பித்தன. நான் காலையிலிருந்து ரசித்துப் பார்த்தது எல்லாம் மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவை. இருநூறு வருஷம் ஒளிந்து வாழ்ந்து தப்பித்த ஜனங்கள் இருந்தது அந்தப் பக்கம்.

புதுத் தேவாலயம் 1959ல் எழும்பியது. பழைய மணிக்கூண்டின் கூம்பு விழுந்த இடத்திலேயே இன்னமும் கிடக்கிறது. இரண்டு மணிகளில் ஒன்றுதான் தப்பியது. காணாமல் போனதுக்குப் பதில் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் நன்கொடையில் புதுசு வந்து, 2025 ஆகஸ்ட் 9 அன்று இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அமைதிப் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடாதீர்கள். நிஷிசாகா, தெஜிமா, ஓவுரா, உரகாமி, இந்த வரிசையில் போங்க. அப்போதான் 11:02க்கு என்ன போச்சுன்னு புரியும்.

கொசுறு: ஜப்பானிய மொழியில் பிரெட்டுக்கு 'பான்', பட்டனுக்கு 'போதான்'. இரண்டும் போர்த்துகீசியம். நம்ம பொத்தானும் அங்கிருந்து வந்ததுதான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் பேக்கரியில் கேட்கும் பாணும் அதே பாண்தான் :-)