சுமிதா ஆற்றங்கரையின் கோடை வாணவேடிக்கை

ஜப்பானில் வாணவேடிக்கை கோடைக்கு உரியது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கமான மாலைகளில், ஊர் ஊராக, பெரும்பாலும் ஆற்றங்கரையில் நடக்கிறது. இவற்றுள் மிகப் பழைய மரபுக்கு உரிமை கொண்டாடுவது தோக்கியோவின் சுமிதா ஆற்று விழா. ஜூலை கடைசிச் சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 20,000 வாணங்கள் விடப்படுகின்றன. இந்த விழாவுக்குச் சொல்லப்படும் வரலாறு ஒன்று. ஏடுகளில் தெரியும் வரலாறு வேறு.

வெடிமருந்து ஜப்பானுக்கு 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த துப்பாக்கியோடு வந்தது. வேடிக்கைக்காக அது எரிக்கப்பட்டதற்குப் பரவலாகக் காட்டப்படும் பழைய சான்று 1613-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் கடிதத்தோடு ஜான் சாரிஸ் வந்தபோது, பதவியைத் துறந்திருந்த ஷோகன் (படைத்தலைவரான ஆட்சியாளர்) தோகுகாவா இயெயாசு சும்பு கோட்டையில் அவரைச் சந்தித்தார். அதை ஒட்டி வாணவேடிக்கையும் பார்த்தார். வானில் போய் வெடிப்பதல்ல அது. குழலிலிருந்து பூவாணம்போல் தீப்பொறி பீறிடும் வகை. பிறகு உள்நாட்டுப் போர் ஓய்ந்து நெடிய அமைதி வந்தது. போர்மருந்து கலக்கத் தெரிந்த கைகளுக்குப் புதிய வேலை கிடைத்தது.

ஆனால் ஷோகன்களின் தலைநகரான எடோ, இன்றைய தோக்கியோ, மரமும் காகிதமும் கொண்டு கட்டிய ஊர். அங்கே தீப்பொறி என்றாலே கிலி. 1648-இலேயே நகருக்குள் வாணம் விடத் தடை வந்தது. ஆற்று முகத்துவாரத்துக்கு மட்டும் விலக்கு. தடை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டதைப் பார்த்தால், மக்கள் அதை எவ்வளவு மதித்தார்கள் என்பது விளங்கும். வாணவேடிக்கை ஆற்றோடு ஒட்டிக்கொண்டதற்கு அழகுணர்வைவிட இந்தத் தீ அச்சமே முதற்காரணம்.

1657-இல் எடோவின் பெரும்பகுதியை எரித்த தீ வந்தது. ஆற்றைக் கடக்கப் பாலமில்லாமல் மாண்டவர்கள் ஏராளம். அதன்பின் சில ஆண்டுகளில் சுமிதாவின் குறுக்கே ரியோகோக்கு பாலம் எழுந்தது; தீ தாவாமல் இருக்க அதன் இரு முனைகளிலும் வெட்டவெளி விடப்பட்டது. வெட்டவெளி வெறுமையாகக் கிடக்குமா? தேநீர்க் கடைகளும் கழைக்கூத்துக் கொட்டகைகளும் வந்து மொய்த்துக்கொண்டன. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 28-ஆம் நாள் தொடங்கி எட்டாம் மாதம் 28 வரை, மூன்று மாதம், ஆற்றில் இரவுப் படகு விடவும் கரையில் கடைகள் இரவிலும் நடக்கவும் அனுமதி உண்டு. அந்தப் பருவத்தின் தொடக்க நாளுக்குக் 'கவாபிராக்கி' என்று பெயர், ஆறு திறப்பு. அன்று வாணம் விடுவது வழக்கமாயிற்று. மற்ற நாள்களிலும் கூரைப் படகில் காற்று வாங்க வந்த செல்வர், வாணப் படகுக்காரனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தால் ஒன்றிரண்டு விடுவான். காசு கொடுத்தவர் ஒருவர். பாலத்தில் நின்று இலவசமாகப் பார்த்தவர்கள் ஆயிரம்.

இனி, சொல்லப்படும் வரலாறு. 1732-இல் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சி நெற்பயிரை அழித்துப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று; எடோவில் காலராவும் பரவியது; இறந்தவர்களின் ஆவிகள் அமைதி பெற 1733-இல் ஷோகன் யோஷிமுனே நீர்த்தெய்வத்துக்கு விழா எடுத்தார்; அந்த ஆண்டு விட்ட வாணமே இன்றைய விழாவின் தொடக்கம். கையேடுகளும் செய்தித்தாள்களும் ஆண்டுதோறும் இதையே அச்சிடுகின்றன. பஞ்சம் உண்மை. ஆனால் காலரா ஜப்பானுக்கு முதன்முதலில் வந்தது 1822-இல். இறந்தோருக்காக 1733-இல் வாணம் விட்டதற்கு அக்கால ஏடுகளில் ஆதாரம் இல்லை என்றும், கதை மிகப் பிற்காலத்தில் உருப்பெற்றது என்றும் அண்மைக்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். படகுக்காரர்களும் உணவு விடுதிக்காரர்களும் பருவத் தொடக்கத்தில் கூட்டம் சேர்க்கச் செலவழித்த வாணம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. வணிகத்தில் பிறந்த விழாவுக்குப் புனிதப் பிறப்புக் கதை ஒட்டவைப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

வாணம் செய்தவர்களில் முதற்பெயர் காகியா. யமாதோ மாகாணத்திலிருந்து எடோவுக்கு வந்த யாஹெய் என்பவர், நாணல் குழலில் மருந்தடைத்த சிறு பட்டாசுகளை விற்று, 1659-இல் கடை தொடங்கினார் என்பது மரபு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கடையின் ஊழியர் ஒருவர் பிரிந்து தமாயா என்ற கடையை வைத்தார். பாலத்துக்கு மேற்புறம் தமாயா, கீழ்ப்புறம் காகியா என்று இருவரும் மாறி மாறி விட, பிடித்த கடையின் பெயரைக் கூட்டம் உரக்கக் கூவும். 1843-இல் தமாயாவில் தீப்பற்றி அக்கம்பக்கமும் எரிந்தது. ஷோகன் நிக்கோ கோயிலுக்குப் புறப்படவிருந்த வேளை அது. கடைக்காரர் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரு தலைமுறையோடு கடை முடிந்தது. காகியா இன்றும் இருக்கிறது. அதன் 15-ஆம் தலைமுறைத் தலைவர் ஒரு பெண். கூட்டம் இன்றும் கூவுவதென்னவோ 'தமாயா!' என்றுதான்.

அக்கால வாணத்துக்கு நிறம் கிடையாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் எரிந்தால் வருவது மங்கலான செம்மஞ்சள் மட்டுமே. 1858-இல் ஓவியர் ஹிரோஷிகே வெளியிட்ட ரியோகோக்கு ஓவியத்தில் கரிய வானில் மெல்லிய வளைகோடு ஒன்று ஏறி இறங்குகிறது. மேலே சில பொறிகள் சிதறுகின்றன. கீழே படகுகளின் விளக்குகள். ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி ஆட்சியில் துறைமுகங்கள் வழியே பொட்டாசியம் குளோரேட் வந்த பிறகே வண்ணம் சாத்தியமாயிற்று. ஸ்ட்ரான்சியம் சிவப்பும் பேரியம் பச்சையும் செம்பு நீலமும் தந்தன. தொழில் வெளிநாட்டுக்கும் போனது: யோகோஹாமாவின் ஹிராயாமா ஜிந்தா பகல்நேர வாணத்துக்காக 1883-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஜப்பானிய வாணத்தின் தனிச்சிறப்பு, எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முழு வட்டமாக விரிவது. அதற்குக் காரணம் வாணக் குண்டின் உருண்டை வடிவமும் அடுக்கும் முறையும். குண்டுக்குள் வைக்கும், பொறியாக எரியும் சிறு உருண்டைகளைச் செய்ய, கடுகு போன்ற சிறு விதையை நடுவில் வைத்து, சுழலும் அண்டாவில் மருந்துக் குழம்பைப் பூசி உருட்டி, வெயிலில் உலர்த்தி, மறுபடி பூசுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய படலம்தான். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும். ஒவ்வொரு படலத்துக்கும் வேறு மருந்து இருப்பதால்தான் வானத்தில் ஒரே பொறி சிவந்து, பிறகு பச்சையாகி, பிறகு வெளுக்கிறது. இப்படி வாரக்கணக்கில் திரண்ட உருண்டைகளை இரண்டு அரைக்கோளக் காகிதக் கிண்ணங்களின் உட்சுவரை ஒட்டி நெருக்கி அடுக்குவார்கள். நடுவில் வெடிமருந்து பூசிய நெல் உமி. இரண்டு பாதிகளையும் ஒரே அடியாகச் சேர்த்து மூடி, மேலே காகிதப் பட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். ஒட்டு ஓரிடத்தில் மெலிந்திருந்தாலும் அந்தப் பக்கம் முதலில் பிளந்து பூ கோணலாகிவிடும். உருண்டைகள் வால் இழுத்தபடி விரிந்தால் அது சாமந்தி வகை. வால் இல்லாமல் விரிந்தால் பியோனி வகை.

சுமிதா விழாவின் பிற்கால வரலாறு தடங்கல்களால் ஆனது. 1897-இல் கூட்டம் நெருக்கியதில் ரியோகோக்கு மரப்பாலத்தின் கைப்பிடிச் சுவர் முறிந்து பலர் ஆற்றில் விழுந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அடுத்துக் கட்டிய பாலம் இரும்பினாலானது. போர் ஆண்டுகளில் விழா நின்றது. 1945 மார்ச் 9-10 இரவு அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் இதே ஆற்றின் இரு கரையும் எரிந்து சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர். 1948-இல் விழா திரும்பியது. 1961-க்குப் பிறகு மறுபடி நின்றதற்குக் காரணம் போக்குவரத்து நெரிசலும் ஆற்றின் நாற்றமும். நீர் ஓரளவு தெளிந்து 1978-இல் இன்றைய பெயரோடு தொடங்கியபோது விழா ரியோகோக்குவை விட்டு மேல்நோக்கி, அசாகுசா பக்கம் நகர்ந்துவிட்டது. கட்டடங்கள் நெருங்கிய இடமாதலால் பெரிய குண்டுகளுக்கு அங்கே இடமில்லை.

பெரிய குண்டுக்கு வெளியூர் போக வேண்டும். அகிதா மாநிலத்தின் ஓமகாரியில் 1910 முதல் நடந்துவருவது தொழிலாளிகளே தம் கைவேலையைக் காட்டும் போட்டி. நீகாதாவின் நகாவோகாவில் ஷினானோ ஆற்றங்கரையில் சுமார் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டுகள் விடப்படுகின்றன. சுமிதாவுக்குக் கதையாக ஒட்டிய துக்கம் நகாவோகாவில் நிஜம். 1945 ஆகஸ்ட் 1 இரவு 10.30 மணிக்குத் தொடங்கிய குண்டுவீச்சில் அந்நகரில் 1,480-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுதோறும் அதே நாள், அதே மணிக்கு, வெள்ளை நிறம் மட்டுமே கொண்ட சாமந்தி வாணங்கள் எழுகின்றன. அவற்றை உருவாக்கிய கசே செய்ஜி சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்தவர். பொதுவிழா ஆகஸ்ட் 2, 3 தேதிகளில். அப்பகுதியைத் தாக்கிய 2004 நிலநடுக்கத்துக்குப் பின் மீட்சியின் அடையாளமாக 'பீனிக்ஸ்' என்ற நீண்ட வரிசை வாணமும் சேர்ந்தது.

பார்க்கப் போகிறவர்களின் வழக்கத்தில் பெரிய மாற்றமில்லை. பருத்தி யுகாதா அங்கி, கையில் விசிறி, காலையிலேயே நீலத் தார்ப்பாயை விரித்து இடம் பிடித்தல், கடைகளில் யாகிசோபா நூடுல்ஸும் பனிச்சீவலும். மாறியது காவல் ஏற்பாடு. 2001 ஜூலை 21 அன்று ஆகாஷி நகரில், வாணம் பார்த்துத் திரும்பிய கூட்டமும் எதிரே வந்த கூட்டமும் நடைமேம்பாலத்தில் சிக்கி 11 பேர் நசுங்கி இறந்தனர். அவர்களில் 9 பேர் குழந்தைகள். இன்று எந்தப் பெருவிழாவிலும் காணும் ஒருவழி நடைபாதையும், பாலத்தில் நிற்காதீர்கள் என்ற அறிவிப்பும் அதன் விளைவு. ரியோகோக்கு பாலத்தில் நின்று பார்த்த எடோக்காரருக்கு இது விளங்கியிருக்காது.

யார் செலவு செய்வது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. படகுக்காரர், விடுதிக்காரர் இடத்துக்கு நிறுவன விளம்பரமும் நகராட்சிப் பணமும் வந்தன. மருந்து விலையும் காவல் செலவும் ஏற ஏறக் கட்டண இருக்கைகள் பெருகுகின்றன. கொரோனாவால் மூன்றாண்டு நின்று 2023-இல் சுமிதா விழா திரும்பியபோது கூட்டம் 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் சாலையில் நின்று இலவசமாகப் பார்த்தவர்கள். நீகாதாவின் கதகாய் ஊர் வேறு வழி வைத்திருக்கிறது. செப்டம்பர் 9, 10 தேதிகளில் அங்கே குடும்பங்களே வாணத்துக்குப் பணம் கட்டுகின்றன: பிள்ளை பிறந்ததற்கு, அறுபது நிறைந்ததற்கு, தந்தை இறந்ததற்கு. விடுமுன் கட்டியவரின் பெயரும் காரணமும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். 420 கிலோ எடையுள்ள, உலகின் மிகப் பெரிய குண்டுகளில் ஒன்றாகிய நாலு ஷாக்கு (ஜப்பானிய அடி அளவு) வாணமும் அந்த ஊரில்தான் எழுகிறது.