கலாமண்டலம்: கொடையும் உறைவிடக் கலைக்கல்வியும்

கேரள கலாமண்டலம் என்பது மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்தராஜாவும் 1930இல் நிறுவி, பின்னர் பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்தியில் நிலைபெற்ற உறைவிடக் கலைப்பள்ளியாகும். அரசின் கருவூலம் துணைக்கு வருமுன்னர், பரிசுச்சீட்டு விற்றும் நன்கொடை திரட்டியும் அதற்கு நிதி சேர்க்கப்பட்டது. அங்குக் கதகளிப் பயிற்சி விடியலுக்கு முன்பே கண்ணசைவுப் பயிற்சியுடன் தொடங்குவதாலும், மழைக்காலத்தில் உழிச்சில் எனப்படும் எண்ணெய் தேய்த்து உடலை மிதித்துப் பதப்படுத்தும் முறை வாரக்கணக்கில் நீள்வதாலும், மாணவர் ஆசானுடன் தங்கியிருப்பது இக்கலைக்கு வசதியன்று, அடிப்படைத் தேவை. எனவே கொடைப்பணம் கட்டடமாக மட்டும் நில்லாமல் சோறாகவும் எண்ணெயாகவும் ஆசானின் ஊதியமாகவும் மாறியது. புரவலரின் பெயர் பொறித்த கல்லைவிட இச்செலவே மாணவர் வாழ்வை நேரடியாகத் தொட்டது எனலாம்.

தெற்கே திருவிதாங்கூரில் கொடை அரண்மனையிலிருந்தே வந்தது. திருவனந்தபுரத்தில் தம்பானூரை அடுத்த தைக்காட்டில் இன்று சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியாக விளங்கும் நிறுவனம், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராமவர்மரின் ஆதரவில் 1939இல் தோன்றியது. திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் முதல்வராகவும், செம்மங்குடி சீனிவாச ஐயர் அவருக்குப் பின் அப்பொறுப்பிலும் அமர்ந்ததால், அரசரின் கொடை தமிழ்நாட்டு இசைமரபையும் மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது. கல்லூரி இன்று பெயர் தாங்கும் முன்னாள் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் உருப்படிகளைத் திரட்டிச் சுரப்படுத்தும் பணியிலும் இவ்விருவரும் ஈடுபட்டனர்.